நாண் இறக்காத வில்

நான் முதன்முதலில் பார்த்த வில் ஓர் அடுப்புக்கு மேலே இருந்தது.

திருக்கச்சூருக்குப் போகும் வழியில் ஒரு குட்டை, அதன் கரையில் ஏழெட்டு ஓலைக் குடிசைகள். அதில் ஒன்றில் இருந்த இருளர் பெரியவரை ஊரில் நாங்கள் வில்லித் தாத்தா என்று கூப்பிடுவோம். அறுப்பு முடிந்த வயலில் எலி வளை வெட்ட அப்பா அவரைத்தான் அழைப்பார். கூலி நெல்லைக் கொடுக்க அப்பாவோடு ஒருநாள் அந்தக் குடிசைக்குப் போனேன். புகை படிந்து கறுத்திருந்த பரணில் நீளமாக ஒரு மூங்கில் பட்டை செருகியிருந்தது. ஒரு முனையில் சுற்றிக் கட்டிய கயிறு கீழே தொங்கிக்கொண்டிருந்தது.

"அது இன்னா தாத்தா?"

"வில்லு தம்பி."

"வில்லுன்னா வளைஞ்சி இருக்கணுமே?"

அவர் சிரித்தார். "எந்நேரமும் வளைச்சே வெச்சிருந்தா அது வில்லா இருக்காது தம்பி, வெறும் குச்சியா பூடும். வேலை முடிஞ்சா நாண அவுத்துடணும். அதுவும் படுக்கணும் இல்ல?"

நாற்பது வருடத்துக்கு மேல் ஆகிறது. அந்தக் குட்டை இருந்த இடத்தை இப்போது என்னாலேயே சரியாகக் காட்ட முடியாது. மறைமலை நகரில் என் வீட்டின் இரண்டாவது அறையில், கட்டிலுக்கு அடியில், நீளமான பிளாஸ்டிக் பெட்டி ஒன்று இருக்கிறது. அதற்குள் என் மகளின் வில். அந்த வில்லுக்குப் படுக்கை கிடையாது. வாங்கிய நாளிலிருந்து அதன் நாண் ஏறியே இருக்கிறது, கழற்றவும் கூடாது. அதனால்தான் அதற்கு அப்படி ஒரு பெட்டி வேண்டியிருந்தது. அந்தப் பெட்டியைத் தேர்ந்தெடுக்க எனக்கு 7 மாதம் ஆயிற்று.

வில்லித் தாத்தாவின் பெயரைப் பற்றி முதலில் சொல்லவேண்டும். செங்கல்பட்டுப் பக்கத்து இருளர்களுக்கு வில்லியர் என்ற பெயர் இருப்பதை எட்கர் தர்ஸ்டன் 1909-இல் வெளியிட்ட தென்னிந்தியச் சாதிகளும் பழங்குடிகளும் என்ற ஏழு தொகுதி நூலில் எழுதியிருக்கிறார். வில்லை வைத்தே பெயர் பெற்ற மக்கள். செங்கல்பட்டிலிருந்து காஞ்சிபுரம் போகும் ரயிலில் வில்லியம்பாக்கம் நிலையப் பலகையைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அவர் முகம்தான் நினைவுக்கு வரும். நான் அவரைப் பார்த்த காலத்திலேயே அந்த வில் வேட்டைக்குப் போவது நின்றுவிட்டது. 1972-இல் வந்த வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வேட்டையை நிறுத்தியது. இருளர்களில் பலருக்குச் சோறு போட்டுக்கொண்டிருந்த பாம்புத்தோல் வியாபாரமும் அதோடு முடிந்தது. பாம்பைக் கொல்லாமல் நஞ்சை மட்டும் எடுத்து மருந்துக்குக் கொடுக்க வடநெம்மேலியில் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் 1978-இல் தொடங்கியது. அந்தத் திறமைக்காக வடிவேல் கோபால், மாசி சடையன் இருவருக்கும் 2023-இல் பத்மஸ்ரீ கிடைத்தபோது நான் கண் கலங்கிச் செய்தி பார்த்தேன். பாம்பு பிடிக்கும் அறிவுக்கு ஒரு வழி பிறந்தது. வில் அறிவுக்கு அப்படி ஒரு வழி பிறக்கவில்லை. அது பரணிலேயே தங்கிவிட்டது.

ஆனாலும் தாத்தா அதைப் பாதுகாத்து வைத்திருந்தார். எப்படி என்பது அன்று எனக்குப் புரியவில்லை, இன்று புரிகிறது. மூங்கிலுக்கு முதல் எதிரி துளைக்கும் பூச்சி. அடுப்புப் புகை தினமும் படும் மூங்கிலைப் பூச்சி சீக்கிரம் தொடாது. அடுத்த எதிரி ஈரம். அடுப்புக்கு மேலே ஈரம் நிற்காது. இன்னொன்று ஓயாத இழுவை. நாணை அவிழ்த்துவிட்டால் அதுவும் இல்லை. தூக்கிப் போகும்போது தோளில் மாட்டினால் போதும். உறை வேண்டாம், பூட்டு வேண்டாம். செங்கம் பக்கத்து நடுகற்களில் வில்லேந்திய வீரர்களைப் பார்த்தாலும் வில் கையிலேயே இருக்கும். அம்பு வைக்கும் கூட்டுக்குத்தான் தூணி, புட்டில், ஆவநாழிகை, அம்பறாத்தூணி என்று நம்மிடம் எத்தனை பெயர்! மத்திய ஆசியாவின் குதிரை வீரர்கள் கதை வேறு. அவர்களுடைய வில் கொம்பும் நரம்பும் பசையும் சேர்த்து ஒட்டியது. ஈரம் பட்டால் பசை விட்டுவிடும். அதனால் அவர்களில் சிதியர்கள் என்போர் வில்லையும் அம்பையும் ஒன்றாக வைத்து இடுப்பில் கட்டிக்கொள்ள உறை செய்தார்கள். உறை வேண்டுமா வேண்டாமா என்பதை வில்லின் உடம்புதான் முடிவு செய்கிறது.

தாத்தாவின் நாணைப் பற்றியும் ஒரு சேதி. மரல் என்று ஒரு செடி. கத்தி போல நீண்டு, வரி வரியாகப் பச்சை படர்ந்த இலை. இந்தப் பக்கத்துப் புதர்க்காட்டில் தானாக முளைக்கும். இலையை அடித்து, சதையைச் சுரண்டி, நாரை எடுத்து முறுக்கினால் நாண். ஆங்கிலத்திலேயே அந்தச் செடிக்கு வில்நாண் சணல் என்ற பொருளில்தான் பெயர். அதே குடும்பத்துச் செடியைத்தான் இப்போது ஜி.எஸ்.டி. சாலை ஓரத்து நர்சரிகளில் ஸ்நேக் பிளான்ட் என்று வெள்ளைப் பீங்கான் தொட்டியில் வைத்து விற்கிறார்கள். எங்கள் அடுக்ககத்தில் ஆறு வீட்டு பால்கனியில் இருக்கிறது. காற்றைச் சுத்தம் செய்யும் என்று சொல்லித் தண்ணீர் ஊற்றுகிறார்கள். அதில் நாண் திரிக்கலாம் என்று நான் சொன்னபோது பக்கத்து வீட்டுப் பையன் ஒரு இலையைப் பறித்துக்கொண்டு வந்து நின்றான். இருவரும் சேர்ந்து கல்லில் வைத்து நசுக்கிப் பார்த்தோம். வெள்ளை வெள்ளையாக நார் வந்தது. அவன் அதைப் புத்தகத்துக்குள் வைத்துக்கொண்டு போனான்.

மறைமலை நகர் 1980 வாக்கில் சென்னைக்குத் துணைநகரமாக உருவாகத் தொடங்கியது. தனித்தமிழ் இயக்கம் கண்ட மறைமலை அடிகளின் பெயரை வைத்தார்கள். நின்னக்கரை, பேரமனூர், கூடலூர் என்று சிதறிக் கிடந்த ஊர்களுக்கு நடுவே அளந்து போட்ட தெருக்கள், தொழிற்பேட்டை மனைகள் வந்தன. 1999-இல் ஃபோர்டு ஆலையிலிருந்து ஐகான் கார் வெளியே வந்தது. ஒருபக்கம் இருங்காட்டுக்கோட்டை, இன்னொரு பக்கம் ஒரகடம் என்று சிங்கப்பெருமாள் கோவிலிலிருந்து ஸ்ரீபெரும்புதூர் வரை கார் பாகம் செய்யும் கம்பெனிகள் நிறைந்தன. நானும் அப்படி ஒரு கம்பெனியில் பேக்கிங் பிரிவில் சேர்ந்தவன். 26 வருடமாக அதே வேலை.

பேக்கிங் என்றால் அட்டைப்பெட்டியில் போட்டு டேப் ஒட்டுவது என்று பலர் நினைக்கிறார்கள். ஒரு பாகத்தை வடிவமைத்தவருக்கு அது எப்படி ஓடும் என்று தெரியும். அது எப்படிக் கெடும் என்பது பேக்கிங்காரனுக்குத் தெரிய வேண்டும். ஒவ்வொரு பாகத்திலும் தாங்கும் இடம் என்று ஒன்று இருக்கும், படக்கூடாத இடம் என்று ஒன்று இருக்கும். கடைந்து பளபளப்பாக்கிய முகம், ரப்பர் உதடு, சென்சார் முனை எதுவும் எதிலும் படக்கூடாது. உடம்பின் கனம் முழுக்கத் தாங்கும் இடத்தில்தான் உட்கார வேண்டும். பி.பி. என்ற பாலிபுரொப்பிலீன் பெட்டிக்குள் ஃபோமை வெட்டி வைக்கும்போது இதைத்தான் பார்ப்போம். புதிதாக வரும் பையன்களுக்கு நான் முதல் நாள் சொல்லித்தருவதும் இதுதான்: "எங்க புடிக்கிறதுன்னு அப்புறம் பாரு தம்பி. எங்க தொடக்கூடாதுன்னு மொதல்ல பாரு."

வீட்டில் வில் வந்தபோது இதை நானே மறந்துவிட்டேன்.

மகள் எட்டாம் வகுப்பில் மூங்கில் வில்லில் தொடங்கினாள். இந்தியன் ரவுண்ட் என்று நம் நாட்டுப் போட்டிகளில் அதற்கென்று தனிப் பிரிவே உண்டு. ராஜஸ்தானில் மூங்கில் வில்லோடு காட்டில் வளர்ந்த லிம்பா ராம் 1988, 1992, 1996 என்று மூன்று ஒலிம்பிக்கில் இந்தியாவுக்காக நின்ற நாட்டில் அந்தப் பிரிவு இருப்பது எனக்கு மிகவும் பிடிக்கும். அந்த வில்லுக்கு ஒரு துணிப்பை போதும். நாணைக் கழற்றி, சுருட்டி, பைக்குள் போட்டு ஸ்கூட்டரில் முன்னால் நிற்கவைத்துக்கொண்டு மைதானம் போவோம். வில்லித் தாத்தாவுக்கும் எங்களுக்கும் அந்த விஷயத்தில் பெரிய வித்தியாசம் இல்லை. ரீகர்வ் வில்லாக இருந்தாலும் சமாளித்துவிடலாம். அது மூன்று துண்டாகக் கழன்று முதுகுப்பைக்குள் போய்விடும்.

பதினொன்றாம் வகுப்பில் காம்பவுண்டுக்கு மாறினாள். பெர்லினில் 2023-இல் நடந்த உலகப் போட்டியில் அதிதி சுவாமியும் ஓஜஸ் தேவ்தலேயும் தங்கம் வென்றதைப் பார்த்த பிள்ளைகள் எல்லாருக்கும் அந்த ஆசை வந்தது. 2028 லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்கில் காம்பவுண்ட் கலப்பு அணிப் போட்டி சேர்க்கப்பட்டிருக்கிறது என்ற சேதி அதன்மேல் எண்ணெய் வார்த்தது.

காம்பவுண்ட் வில் வேட்டைக்காரர் ஒருவர் கையில் பிறந்தது. அமெரிக்காவில் மிசூரியைச் சேர்ந்த ஹோலஸ் வில்பர் ஆலன் 1966-இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்து 1969-இல் பெற்றார். வில்லின் இரு முனையிலும் கப்பி மாதிரி ஒன்றைப் பொருத்தினார். அதைத்தான் மைதானத்தில் கேம் என்கிறார்கள். என் மகள் வில்லின் இழுவை 45 பவுண்டு, ஏறக்குறைய 20 கிலோ. முழுக்க இழுத்து முடிக்கும்போது கேம் உருண்டு கொடுத்துவிடும். அதற்குமேல் கையில் நிற்பது 6 கிலோ அளவுதான். குறிபார்க்க நேரம் கிடைக்கும். இத்தனை வசதிக்கும் ஒரு விலை இருக்கிறது. சும்மா சுவரில் சாய்ந்திருக்கும்போதே அந்த வில்லின் கைகள் இரண்டும், லிம்ப் என்பார்களே அவை, கேபிளால் இழுத்துக் கட்டப்பட்டுத்தான் இருக்கும். பிரஸ் என்ற கருவியில் வைத்து அழுத்தினால் ஒழிய நாணைக் கழற்ற முடியாது. கழற்றி மாட்டினால் எல்லா அளவும் மறுபடி சரிபார்க்க வேண்டும்.

தாத்தாவின் வில் உறங்கும்போது குச்சி. மகளின் வில் உறங்கும்போதும் முறுக்கேறிய உடம்பு. அந்த உடம்பின்மேல் பக்கவாட்டில் ஓர் அழுத்தம் விழுந்தால் கேம் கோணும், நாண் தடம் தப்பும், லிம்பில் கண்ணுக்குத் தெரியாத கீறல் விழும்.

விழுந்தது. வெளிமாநிலத்தில் ஒரு போட்டிக்கு ரயிலில் போனோம். கடையில் வில்லோடு கொடுத்த மெத்தைப் பையில் வைத்துக் கீழ்ப் படுக்கைக்கு அடியில் தள்ளியிருந்தேன். இரவில் யாரோ ஏறினார்கள், யாரோ இறங்கினார்கள், கனமான பெட்டி ஒன்று உள்ளே தள்ளப்பட்டது. காலையில் வில் பார்க்க நன்றாகத்தான் இருந்தது. மைதானத்தில் பயிற்சியாளர் கொஞ்சம் பஞ்சை எடுத்து லிம்ப் நெடுக மெதுவாகத் தடவினார். மேல் லிம்பின் ஓரத்தில், கேமுக்கு நாலு விரல் கீழே, பஞ்சிழை ஒன்று மாட்டிக்கொண்டு நின்றது. அவர் அதை எங்களுக்குக் காட்டினார். ஒன்றும் சொல்லவில்லை. மகள் வில்லைக் கீழே வைத்துவிட்டுத் தண்ணீர்ப் பாட்டிலைத் திறந்து மூடித் திறந்து மூடிக்கொண்டிருந்தாள். கீறல் விட்ட லிம்பை இழுத்தால் அது முகத்தில் வெடிக்கும். அன்று அவள் எய்யவில்லை.

26 வருடம் பேக்கிங் பார்த்தவன் நான். ஒரு கார் விளக்கைக்கூட அப்படி ஒரு பையில் வைத்து ஸ்ரீபெரும்புதூர் வரை அனுப்பியிருக்க மாட்டேன். ஊர் வந்து சேரும்வரை அதுதான் மனத்தில் ஓடியது.

அவளுக்கு வேறு வில் வாங்கியதும் அதற்குப் பெட்டி தேடத் தொடங்கினேன். சந்தையில் கிடைக்கும் வில்பெட்டிகளில் பெரும்பாலானவை அமெரிக்க வேட்டைக்காரர்களை மனத்தில் வைத்துச் செய்தவை. வண்டியின் பின்தட்டில் கிடக்கும், சேற்றில் விழும், பனியில் நனையும் என்ற கணக்கு. நமக்கு அந்த ஆபத்துகள் இல்லை. ஸ்கூட்டர் பின்சீட், ஷேர் ஆட்டோ, ரயில் படுக்கைக்கு அடி, மே மாத வெயில், கடற்காற்றின் உப்பு ஈரம் என்று நம் ஆபத்துகள் வேறு. ஆகவே பெட்டியின் விளம்பரத்தை ஒதுக்கிவிட்டு, எங்கள் வில் போகும் பாதையை எழுதிக்கொண்டு அதற்கு எதிராக ஒவ்வொரு பெட்டியையும் வைத்துப் பார்த்தேன்.

முதலில் அளவு. வில்லின் விவரச்சீட்டில் 37 அங்குலம் என்று இருக்கும். அது ஓர் அச்சிலிருந்து மறு அச்சு வரை உள்ள தூரம். கேம் அதற்கு வெளியேயும் நீட்டிக்கொண்டிருக்கும். விளிம்பு முதல் விளிம்பு வரை நாடா பிடித்தால் 40 அங்குலத்தைத் தாண்டுகிறது, 103 சென்டிமீட்டர். சீட்டை நம்பிப் பெட்டி வாங்கியவர்கள் மூடியை அழுத்தி மூடுவதை நான் மைதானத்திலேயே பார்த்திருக்கிறேன். அந்த அழுத்தம் முழுக்கக் கேமின் மேல்தான். இரண்டு பக்கமும் 4 சென்டிமீட்டர் ஃபோம் சேர்த்தால் பெட்டியின் உட்புற நீளம் 111 இருக்க வேண்டும். வெளிப்புறம் 117, 118 வரும்.

இங்கேதான் சிக்கல். ரயில் பெட்டிக்குள் பயணி தன்னோடு எடுத்துப்போகும் பெட்டிக்கு ரயில்வே வைத்திருக்கும் அளவு 100-க்கு 60-க்கு 25 சென்டிமீட்டர். வில்லை மூலைவாட்டில் வைத்துப் பார்த்தேன், நாண் பக்கம் இடித்தது. சட்டப்படி அது பார்சல் வேனில் போக வேண்டிய சாமான். அங்கே அதன்மேல் என்ன அடுக்கப்படும் என்று யாராலும் சொல்ல முடியாது. போட்டி நடத்துபவர்களின் கடிதத்தைக் காட்டி, பரிசோதகரிடம் முன்பே சொல்லி, அனுமதி கேட்டுத்தான் கூடவே கொண்டுபோகிறோம். இதுவரை கேட்ட எல்லாரும் மரியாதையாகவே நடந்துகொண்டார்கள். ஆனால் விளையாட்டுப் பிள்ளைகளின் கருவிக்கு ரயில்வேயில் தெளிவாக ஓர் இடம் வேண்டும் என்று ஒவ்வொரு பயணத்திலும் தோன்றும். விமானத்தில் வில்லும் அம்பும் கைப்பையில் ஏறாது, சரக்கோடுதான் போகும். நீளம், அகலம், உயரம் மூன்றையும் கூட்டி 158 சென்டிமீட்டருக்குள் என்பது பல நிறுவனங்களின் கணக்கு. எங்கள் பெட்டி 177. விளையாட்டுச் சாமான் என்று முன்கூட்டியே பதிந்துகொள்ள வேண்டும். உள்நாட்டு விமானங்களில் பெரும்பாலும் 15 கிலோதான் கணக்கு என்பதால் பெட்டியின் சொந்த எடையும் முக்கியம்.

எடைதான் என் முதல் ஆசையைக் கெடுத்தது. ஒலிபெருக்கிக்காரர்கள் வைத்திருப்பார்களே, பிளைவுட் பலகை, அலுமினிய விளிம்பு, மூலைக்கு உருண்டைத் தகடு போட்ட பெட்டி, அதைச் சென்னையில் சொல்லிச் செய்யலாம் என்று நினைத்தேன். யானை மிதித்தாலும் தாங்கும். கணக்குப் போட்டால் காலிப் பெட்டியே 11 கிலோ. 16 வயதுப் பெண் அதைத் தூக்கிக்கொண்டு நடைமேடைப் படி ஏறிவிட்டு மைதானத்தில் போய்க் கை நடுங்காமல் எய்ய முடியாது. வீணைக்குச் செய்யும் கண்ணாடியிழைப் பெட்டி மாதிரி ஒன்றும் யோசித்தேன். ஆனால் ஒற்றைப் பெட்டிக்காக அச்சு செய்வது கட்டுப்படியாகவில்லை.

கடைசியில் எடுத்தது, நீளமான கருவிகள் வைக்கச் செய்த பாலிபுரொப்பிலீன் பெட்டி. உள்ளே ஃபோம் இல்லாத காலிக் கூடு, 5 கிலோ. 1976-இல் கலிஃபோர்னியாவில் ஒரு வீட்டுக் கார் கொட்டகையில் தொடங்கிய பெலிக்கன் நிறுவனம் பிரபலப்படுத்திய வகை: மூடியைச் சுற்றி ரப்பர் வளையம், உள்ளே வெளியே காற்றழுத்தத்தைச் சமன்செய்ய ஒரு சின்ன வால்வு. கடைக்காரர் ஐ.பி. 67 என்று சொன்னார். தூசி புகாது, 1 மீட்டர் ஆழத் தண்ணீரில் 30 நிமிடம் கிடந்தாலும் தண்ணீர் ஏறாது என்று பொருள். தண்ணீருக்காக நான் அதை எடுக்கவில்லை. மூடியின் நடுவில் கையை வைத்து என் முழு எடையையும் அழுத்தினேன். கூடு வளைந்தது, 1 சென்டிமீட்டர் இருக்கும், திரும்பி வந்தது. பக்கத்தில் இருந்த ஏ.பி.எஸ். பிளாஸ்டிக் பெட்டி வளையவே இல்லை, ஆனால் மூலையில் நெறுநெறுவென்று சத்தம் கேட்டது. விறைப்பாக நிற்பது ஒருநாள் சொல்லாமல் விரியும். வளைந்து கொடுப்பதற்கு உள்ளே இடம் விட்டுவிட்டால் போதும். கீல் முழுநீளத்துக்கும் எஃகுக் கம்பி ஓடுகிறதா, பூட்டுத் துளைக்கு இரும்பு வளையம் உண்டா, கைப்பிடி நடுவில் ஒன்றும் தலைமாட்டில் ஒன்றுமாக இரண்டு இருக்கிறதா என்று பார்த்தேன். தலைமாட்டுப் பிடி இல்லாத பெட்டியைப் படுக்கைக்கு அடியிலிருந்து இழுக்க ஆள் படுத்துத்தான் எடுக்க வேண்டும்.

ஃபோமை நானே வெட்டினேன். வில்பெட்டிகளில் சாதாரணமாக வரும் கிண்ணம் கிண்ணமான பஞ்சு பாலியூரிதேன். தொட்டால் சுகமாக இருக்கும். நம் ஊர் ஈரத்தில் சில வருடத்தில் பிசுபிசுத்துப் பொடிந்து கேமின் பள்ளத்துக்குள் போய் ஒட்டும். எனக்கு வேண்டியது இ.பி.இ. என்ற பாலிஎத்திலீன் ஃபோம். ஒரகடம் சாலையில் கம்பெனிகளுக்கு ஃபோம் வெட்டித் தரும் சின்னப் பட்டறையில் 30 டென்சிட்டி தாள் கேட்டேன். எலெக்ட்ரானிக் பாகங்களுக்கு வெட்டியதில் மீந்த இளஞ்சிவப்புத் தாள்கள் இருந்தன. எதற்கு என்று பட்டறைப் பையன் கேட்டான். வில்லுக்கு என்றேன். கையிலிருந்த வேலையைப் போட்டுவிட்டு எழுந்து வந்தான்.

பழுப்புத் தாளில் வில்லைப் படுக்கவைத்து வரைந்திருந்தேன். அதன்மேல் சிவப்புப் பேனாவால் தொடக்கூடாத இடங்களைக் கோடிட்டேன்: இரண்டு கேம், லிம்பின் முனைகள், நாண் நெடுக, அம்பு உட்காரும் ரெஸ்ட், குறிக்கருவி மாட்டும் இடம். இதையெல்லாம் எடுத்துவிட்டால் மிச்சம் நடுவில் கைப்பிடிச் சட்டம் மட்டும்தான். ரைசர் என்று சொல்லும் அந்த அலுமினியச் சட்டத்தை மூன்று இடத்தில் ஃபோம் கவ்வட்டும், வேறு எங்கும் ஒரு விரல் இடைவெளி என்று முடிவு செய்தோம். சூடேறிய கம்பி ஃபோமுக்குள் இறங்கும்போது மெழுகுவர்த்தி அணைந்த வாசனை வரும். இரண்டும் ஒரே இனம் என்பதால்தான். இன்னொரு உறவும் உண்டு. மகளின் நாணில் இருக்கும் இழையும் பாலிஎத்திலீன்தான். காற்றை நிரப்பினால் ஃபோம், இழுத்து நீட்டினால் எஃகைவிட எடைக்கு வலுவான நாண். மரல் நார் இருந்த இடத்தில் இன்று அது இருக்கிறது. அதற்கு வெயில் ஆகாது. சூட்டில் மெல்ல நீளும். நாண் நீண்டால் குறி மாறும்.

வெட்டி முடித்ததும் கம்பெனி வழக்கப்படி விழவைத்துப் பார்த்தேன். கீறல் விழுந்த பழைய வில்லைப் பயிற்சியாளர் பிரஸ்ஸில் வைத்து நாண், கேபிள் எல்லாம் இறக்கிக் கொடுத்திருந்தார். அதை உள்ளே வைத்து, அம்பு எடைக்கு மணல் பொட்டலம் கட்டிப் போட்டு, 76 சென்டிமீட்டர் உயரத்திலிருந்து 10 முறை: ஒரு மூலை, மூன்று விளிம்பு, ஆறு முகம். அதற்கு முன் இரண்டு கேமிலும் என் மனைவியின் கோலமாவை ஈர விரலால் பூசிவைத்தேன். ஃபோம் எங்காவது கேமைத் தொட்டால் வெள்ளை ஒட்டும். பத்தாவது விழுகைக்குப் பிறகு மகள்தான் மூடியைத் திறந்தாள். கீழ்த் தட்டு சுத்தம். மூடிப்பக்க ஃபோமில், மேல் கேமுக்கு நேராக, பிறை மாதிரி ஒரு வெள்ளைத் தடம். கூடு வளைந்து கொடுக்கும்போது மூடி உள்வாங்கியிருக்கிறது. அந்த இடத்தில் இன்னும் இரண்டு விரல் ஆழம் தோண்டினோம். மறுபடி 10 முறை. தடம் இல்லை.

பெட்டி கறுப்பு. இந்த வகைப் பெட்டிகள் பெரும்பாலும் கறுப்பாகத்தான் வருகின்றன. மைதானத்தில் 12 மணி வெயிலில் பத்து நிமிடம் கிடந்தால் மூடியில் கை வைக்க முடியாது. தாத்தாவின் வில்லுக்குத் தினம் சூடும் புகையும் காவலாக இருந்தன, இதற்கு அதே சூடு நஞ்சு. ரெக்சின் தைக்கும் கடையில் வெள்ளைக் கான்வாஸில் உறை தைத்துப் போட்டேன். பூட்டிய காருக்குள் விட்டுப் போவதே இல்லை. ரப்பர் வளையம் ஈரத்தை வெளியே நிறுத்துவது போலவே உள்ளேயும் பூட்டிவைக்கும். மழைத்தூறலில் எய்துவிட்டு அப்படியே மூடினால் இரண்டு நாளில் திருகுகளில் துரு. அதனால் வீட்டுக்கு வந்ததும் மூடியைத் திறந்து மின்விசிறிக்கு அடியில் ஓர் இரவு. சிலிக்கா ஜெல் பொட்டலம் நீலத்திலிருந்து இளஞ்சிவப்பாகிவிட்டால் மாற்ற வேண்டும். இதை நான் நினைவூட்டுவதில்லை. அவளே பார்த்துக்கொள்கிறாள்.

பழைய வில்லைத் தூக்கிப்போட மனம் வரவில்லை. கம்பெனி ஷெட்டில் வேண்டாம் என்று சொன்ன மரச்சட்டத்தைக் கொண்டுவந்து வீட்டுப் பரணில் அடித்து, அதன்மேல் படுக்கவைத்திருக்கிறேன். நாண் இல்லை, கேபிள் இல்லை. லிம்ப் இரண்டும் இழுவை விட்டு நிமிர்ந்து கிடக்கின்றன. மகளோடு பயிற்சி செய்யும் பிள்ளைகளின் வீட்டார் புதிதாகப் பெட்டி வாங்கினால் அதைக் கேட்டு வந்து எடுத்துப்போகிறார்கள். கூடவே ஒரு டப்பா கோலமாவும் கொடுத்தனுப்புகிறேன். போன மாதம் பெருமாட்டுநல்லூரிலிருந்து ஓர் அம்மா வாங்கிப்போய், ஞாயிற்றுக்கிழமை மாலை ஸ்கூட்டியில் திருப்பிக் கொண்டுவந்தார். கீழ் கேமில் மாவு பாதி அழிந்திருந்தது.

"எங்க படுதுன்னு கண்டுபுடிச்சிட்டோம் சார்," என்றார். "பெட்டியோட கைப்பிடி பக்கம் இன்னும் கொஞ்சம் வெட்டணும். உங்க சூடுகம்பியக் கொஞ்சம் தருவீங்களா?"